சேம அச்சு

இரண்டாம் அடித்தளம், தூண் நாற்பத்தொன்று.
எண்ணெய்க் கறை படிந்த தரையில் படுதா விரித்து
எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன்:
இழுவைக் கயிறு, ஷேக்கிள் இரண்டு,
பிடியை அரையடி அறுத்த மண்வெட்டி,
பங்க்சருக்கு ரப்பர் திரிகள்,
ஃபேன் பெல்ட், பிளக்குகள்,
ஒரு கிலோ டீத்தூள்.

காவலாளி திகந்தா இரண்டு முறை வந்து பார்த்தான்.
கடை போடுகிறீர்களா என்று இந்தியில் கேட்டான்.
சங்கச் செயலாளர் ஒன்றும் கேட்கவில்லை.
படம் எடுத்துக்கொண்டு போனார்.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி.
பச்சையைச் சுரண்டினால்
அதற்கடியிலும் பச்சை.
மூன்று மாதச் சனிக்கிழமைகளை இது தின்றது.
ஜே.சி. ரோட்டில் பின்பட்டைகள்,
சிவாஜிநகர் குஜிரியில் ஒரு முன்சக்கர லாக்,
விலை படியாமல் திரும்பி, டீ குடித்து,
மறுபடி போய், அதே விலைக்கு.
ஷெட்டில் அம்ஜத் பாய் சொன்னார்:
"இஞ்சினுக்குப் பயப்படாதீங்க மேடம்,
அது மிலிட்டிரி. ஹோஸ் பைப்புக்குப் பயப்படுங்க,
அது என் மச்சான் கடையில வாங்கினது."

இளம்பரிதிக்கு ஸ்பேனர் பிடிக்க வராது.
படிக்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்து
எடை போடுகிறான்.
பெட்ரோல் நாற்பது லிட்டர், முப்பது கிலோ.
தண்ணீர் நாற்பது, நாற்பதே.
தான், எழுபத்தெட்டு.
என் கட்டம் காலியாக இருந்தது.
காலியாக விட்டால் கூட்டல் நிற்காது என்றான்.
சொன்னேன்.
நாலு குறைத்து.

உப்பு வணிகர்கள் அந்தக் காலத்தில்
மேடு பள்ளத்தை யார் கண்டது என்று
வண்டிக்கடியில் இன்னோர் அச்சைக் கட்டிப் போவார்களாம்.
அவன் பட்டியலில் ஸ்பேர் ஹாஃப் ஷாஃப்ட் என்று இருந்ததைச்
சேம அச்சு என்று மாற்றி வைத்தேன்.
ஸ்பேர் காணோம், ஸ்பேர் காணோம் என்று
அரைமணி நேரம் படுதாவைச் சுற்றி வந்தான்.

தண்ணீருக்கு ஒத்திகை வேண்டியிருக்கவில்லை.
ஏப்ரலில் டாங்கர் வராத ஒன்பது நாள்
எட்டாம் மாடியில்
ஒரு வாளியில் இரண்டு பேர் குளித்து
அதிலேயே தரையும் துடைத்தோம்.
லடாக்கின் வறட்சி
எங்களிடம் புதிதாக என்ன கேட்டுவிடும்?

ஞாயிறு காலை ஹொசகோட்டே லாரி எடைமேடை.
கரும்பு லாரிக்கும் ஜல்லி லாரிக்கும் நடுவே
எங்கள் பச்சைப் பூச்சி.
கணக்கைவிட இருபது கிலோ கூட.
மேடை பொய் சொல்லும் என்றான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
பிறகு அவனே, ரொம்ப நேரம் கழித்து,
பின்சீட்டுக்கடியில் போர்வை சுற்றிய
மூன்று கிலோ குக்கரை எடுத்துக் காட்டினான்.
"அந்த உயரத்தில் பருப்பு வேகாதாம்."
அப்போதுதான் நானும் நாலைச் சொன்னேன்.

மீதி பதின்மூன்றுக்கு ஆளில்லை.
ஷெட்டில் வந்து ரப்பர் பாயைத் தூக்கினோம்.
சட்டத்தின் மூலைகளில், சீட்டுக் கால்களின் அடியில்
மாவுபோலக் கெட்டியாய்
சாம்பல் நிறத்தில் மண்.
நம்மூர்ச் செம்மண் இல்லை.
எங்கெங்கோ மேலே ஏறி இறங்கிச் சேர்த்தது.
நாங்கள் படத்தில் விரல் வைத்துப் பார்த்த சாலை
இதற்குப் பழக்கம்.
அம்ஜத் பாய் காற்றுக் குழாயை எடுத்தார்.
வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
ஏன் என்று அவர் கேட்டிருந்தால்
என்னிடம் பதில் இல்லை.

கடைசி வரியாக அவன் சேர்த்தான்:
மண், பதின்மூன்று கிலோ.
யாருடையது என்ற கட்டத்தில்: வண்டி.

அதற்கு இடம் விட
குக்கர் வீட்டில் தங்கியது.
விடிகாலை நாலரைக்குத் திகந்தா தடுப்பைத் தூக்கினான்.
நெலமங்களா தாண்டி டீக்கடையில்
சில்லறைக்குத் துழாவிய அவன் சட்டைப்பையிலிருந்து
மேசைமேல் உருண்டு விழுந்தது
குக்கர் வெயிட்.